மனுவை உறுமியவனுக்கு

உக்கடம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உன் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது பசை ஈரமாகத்தான் இருந்தது; மைதா புளித்த வாடை. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே சாயப்பட்டறை முதலாளிகள் பதினோரு பேர் கைகூப்பி நிற்கும் சிறு படங்கள். நடுவில் நீ, வெள்ளைச் சட்டையில், யாரோ அசையக் கூடாது என்று சொன்னதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள்: அமைதியின் உருவம், பண்பின் சிகரம், நொய்யலின் காவலர்.

முதலாவதைப் படித்துச் சிரித்தேன். இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டேன். செத்தவரை அப்படிச் சொல்லாமல் விட்டால் அச்சகத்திலேயே சேர்த்துப் போட்டுவிடுவார்கள். இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன். மூன்றாவதைப் படித்ததும் என் பஸ்ஸைத் தவறவிட்டேன். மாரடைப்பில் போன நண்பனின் படத்துக்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லைதான். உன்னிடம் மரியாதை பார்த்து எனக்குப் பழக்கம் இல்லை.

ஆற்றுக்கு நீ என்றைக்கும் காவல் இருக்கவில்லை. ஒரு காலத்தில் ஆற்றுக்காக உறுமினாய். அதை நீ ஒழுங்காகச் செய்தாய் என்பதால்தான் எனக்கு இத்தனை கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் நான்கு பேர் சேர்ந்து டெத் மெட்டல் குழு வைத்திருந்தோம். பெயர் தாழி. உக்கடத்து யூசுப் கல்யாண இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். குமார் சத்தியமங்கலத்திலிருந்து கிடாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான். நான் பேஸ் கிடார். பகலில் காந்திபுரத்து டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன். நீ குரல். இது என்ன பாட்டு என்று கேட்பவர்களுக்கு நீ பொறுமையாக விளக்குவாய்: “சாவைப் பத்திப் பாடறதுங்க. அடிவயித்துல இருந்து உறுமோணும். வார்த்தை புரியாதுங்க. புரிஞ்சா நல்லாப் பாடலைன்னு அர்த்தம்.”

சோமனூரில் குமாரின் மாமா விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய நூல் அறையில் பயிற்சி. பக்கத்தில் இருபத்து நான்கு தறி ஓடும். நாம் நிறுத்தியதும் ஒரு நாள் தறிக்காரர் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?” என்று கேட்டார்.

நம் முதல் கேசட் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டுப் பாட்டு, எட்டிலும் கல்லறை, பனிமூட்டம், பாழடைந்த கோட்டை. நம் நால்வரில் ஒருவனும் பனிமூட்டத்தில் கல்லறையைப் பார்த்ததில்லை. வார்த்தைகளை நான்தான் எழுதினேன், அகராதியை வைத்துக்கொண்டு. இரண்டாவது கேசட்டுக்கும் அப்படி நான்கு பாட்டு எழுதி முடித்திருந்தபோது நீ ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து நூல் மூட்டையின்மேல் போட்டாய்.

“சாவு சாவுன்னு எழுதறியே, இதைப் படி.”

மனுக்கள். ஆற்றின் கீழ்ப்புறத்து ஊர்களில் இருந்து விவசாயிகள் அதிகாரிகளுக்கு எழுதியவை. எல்லாமே உன் அப்பாவின் சாயப்பட்டறைக்கு எதிரானவை. எங்கே கிடைத்தது என்று யூசுப் கேட்டான்.

“எங்கப்பன் பீரோவுல.”

“அங்க எப்படி வந்துச்சு?”

“அனுப்பி வெச்சிருக்காங்க. நடவடிக்கைக்காக.”

‘நடவடிக்கைக்காக’ என்று குத்தியிருந்த ஆபீஸ் முத்திரையை நானே பார்த்தேன். யார்மீது புகாரோ அவரிடமே புகாரைக் கொடுத்து, ஏதாவது செய்யச் சொல்லியிருந்தார்கள். அவரும் செய்திருந்தார். தேதிவாரியாக அடுக்கி, நூல் கட்டி, பூட்டி வைத்திருந்தார். எதைத் தொலைத்தாலும் காகிதத்தைத் தொலைக்காத மனிதர்.

அந்தக் கட்டில் ஒன்று மாராத்தாள் என்ற பெண்ணுடையது. கைநாட்டு வைத்தது. அவர் சொல்லச் சொல்ல யாரோ மனு எழுதுபவர் எழுதியிருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் வருகிறது, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, தென்னை மரங்கள் பட்டுப்போயின. கடைசி வரிகளை நீ தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தாய்: “தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டு வரவும். தங்களுக்குக் கொடுக்க எங்களிடம் நல்ல தண்ணீர் இல்லை. மன்னிக்கவும்.”

குமார் கிடாரைக் கீழே வைத்தான். “நாம எழுதுனதையெல்லாம் கிழிச்சுப்போடலாம்,” என்றான். நான் நான்கு பாட்டையும் கிழித்தேன். ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

அந்த மனுக்களையே பாட்டாக்கினோம். ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தக் கூடாது என்பது உன் கட்டளை. ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் குமாரின் கிடார் மாட்டு வண்டி மேடு ஏறுவதுபோல் இழுத்துக்கொண்டு போகும். ‘பெறுநர்’ வந்ததும் எல்லாரும் நிறுத்துவோம். அங்கே யாரும் இல்லை என்பதற்காக நான்கு தட்டு மௌனம். ‘ஐயா’ என்று நீ அடிவயிற்றிலிருந்து எடுத்தவுடன் யூசுப் இரண்டு காலாலும் அடிக்கத் தொடங்குவான். ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்பதை நீ உறுமியதைப்போல் அந்தச் சொற்களை நம்பி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பதிவு, சாய்பாபா காலனியில் பக்திப் பாட்டு எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில். முதல் ‘ஐயா’வுக்கே பதிவு செய்பவரான சண்முகண்ணன் டேப்பை நிறுத்திவிட்டுச் சொம்போடு ஓடிவந்தார்.

“ஏனுங்க தம்பி, பொரை ஏறிப்போச்சுங்களா?”

“இல்லீங்ணா. பாடறனுங்க.”

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொழில்காரராக, “அப்ப மைக்கைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளி வைக்கோணும்,” என்றார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் குழுவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே விமர்சகர் அவர்.

மாராத்தாளின் பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த அன்று உன் அப்பா உன்னை அழைத்துப்போக வந்தார். உட்காருங்க என்று சண்முகண்ணன் நாற்காலி போட்டு, பாட்டைப் போட்டும் காட்டிவிட்டார். உன் அப்பா தன்மீது எழுதப்பட்ட புகாரை ஐந்தரை நிமிஷம், கண்ணை மூடி, விரலால் தாளம்கூடப் போட்டுக் கேட்டார்.

“நல்லா உழைச்சிருக்கீங்க கண்ணு. ஒரு வார்த்தை வெளங்கல. தொண்டையப் பாத்துக்கச் சொல்லுங்க, மொளகுப் பாலு குடிக்கோணும்,” என்று என்னிடம் சொன்னார்.

அவர் காருக்குப் போனதும் படிக்கட்டில் நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். “அவரு மூஞ்சிக்கு முன்னாலயே பாடிப்போட்டன், பாத்தியா?”

“என்னத்தப் பாடிப்போட்ட? அவருக்குத்தான் ஒண்ணும் வெளங்கலையே.”

நீ கொஞ்சம் யோசித்தாய். “அட்டையில வரட்டும். எல்லா வரியும், அவங்கவங்க பேரோட. படிச்சா வெளங்குமல்ல?”

டெத் மெட்டலில் வார்த்தை வாழும் இடம் அது ஒன்றுதான்: கேசட்டுக்குள் மடித்து வைக்கும் அட்டை. குரல் மறைப்பதை அச்சு சொல்லிவிடும். ஆறு மடிப்பு அட்டைக்கு நான் எழுத்துக் கோத்தேன். கல்யாணப் பத்திரிகை வேலைகளுக்கு நடுவே, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று ஒரு பக்கம், ‘தண்ணீர் கொண்டு வரவும்’ என்று ஒரு பக்கம். அச்சுக்குப் போக வேண்டிய காலையில் நீ வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாய்.

“பாட்டு வரியெல்லாம் வேண்டாம்டா. படம் மட்டும் போடு.”

“ஏன்?”

“பேரு வெளிய வந்தா அவங்களுக்குத் தொந்தரவு.”

“யாருகிட்ட இருந்து? மனுவே உங்கப்பன் பீரோவுலதான் இருக்குது.”

பிரிண்டர் தள்ளிய பத்திரிகையை நீ எடுத்து இரண்டாக மடித்தாய்.

“அப்பா படிச்சுப்போடுவாருடா.”

“படிக்கத்தான எழுதினோம்.”

“தெரியும்.”

அவ்வளவுதான் உன் விளக்கம். வரிகள் இருந்த ஐந்து மடிப்பிலும் மண்டையோடு போட்டேன். மண்டையோட்டைப் பார்த்தால் பெற்றோர் பதறுவார்கள் என்பது உலக வழக்கம். நம் அட்டையில் மண்டையோடு மட்டுமே இருந்ததால் உன் அப்பா நிம்மதியாக இருந்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீம்பாகவோ வெட்கத்தாலோ, நீ என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாராத்தாளின் தோட்டத்துக்குப் போனாய். பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டரைக் கிணற்று மேட்டில் வைத்தாய். நீ யாருடைய மகன் என்று முதலிலேயே சொன்னாய். அதற்கு உன்னைப் பாராட்டுகிறேன். அந்த அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “சரீங்க, போடுங்க,” என்றார்.

பாதிப் பாட்டில் அவருடைய உதடு அசைந்தது. சண்முகண்ணனுக்கும் உன் அப்பாவுக்கும் விளங்காதது அவருக்கு விளங்கிக்கொண்டிருந்தது. சொன்னவருக்குத் தான் சொன்னது எந்தக் குரலிலும் தெரிகிறது.

“இது நாஞ் சொன்னதல்லங்க?”

“ஆமாங்க அக்கா.”

“இத ஆபீசருக்குக் குடுத்துட்டீங்களா கண்ணு?”

“குடுக்கறோமுங்க.”

நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. இருநூறு கேசட்டில் பாதியைப் பெங்களூரில் இதே மாதிரி உறுமும் பையன்களுக்கு அனுப்பினோம். அவர்கள் குரல் பிரமாதம் என்று எழுதினார்கள். எந்த மொழி என்றும் கேட்டிருந்தார்கள்.

பிறகு யூசுப் சவுதிக்குப் போனான், குமார் வங்கித் தேர்வு எழுதினான், நீ பட்டறைக்குப் போனாய். அப்பாவுக்கு முடியவில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் நீ அதை மூன்று பட்டறையாக்கினாய். சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி, அதிகாரிகள் வரும் நாட்களில் தவறாமல் ஓடவிட்டாய். ஆற்றங்கரையில் மரக்கன்று நட்டு, லாரியில் வந்த தண்ணீரைக் குடத்தில் பிடித்து அதற்கு ஊற்றும் படம் பேப்பரில் வந்தது. ஆற்றங்கரைச் செடிக்கு ஏன் லாரித் தண்ணீர் என்று படத்துக்குக் கீழே யாரும் எழுதவில்லை. பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பிடித்து நிறுத்தி அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். நீ என் இலையில் ஜிலேபி வைக்கச் சொல்லிவிட்டு, “அப்பச் சின்னப் பசங்கடா நாம,” என்றாய். அந்தப் பாட்டில் சின்னப்பிள்ளைத்தனமாக ஒரு சொல் காட்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஜிலேபியைத் தின்றேன்.

சுவரில் உன்னைப் பார்த்த மறுநாள் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். யாரிடமாவது உன்னைப் பற்றித் திட்ட வேண்டும். அதற்கு உரிமையுள்ள இன்னொரு ஆள் அவர்தான் என்று நினைத்தேன். மாராத்தாளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. தோட்டத்தில் முள்ளுச்செடிதான் இருக்கிறது. நீ போய்விட்டதைச் சொன்னேன்.

“அந்தத் தம்பியா? அடப் பாவமே. நல்லாப் பாடுவாருங்க.”

டெத் மெட்டல் பாடகன் ஒருவனைப் பற்றி நம் ஜில்லாவில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. திட்ட வந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

“அந்தப் பாட்ட வெச்சிருக்கீங்களா?”

போட்டுக் காட்ட என்னிடம் கருவி இல்லை. வரிகள் மனப்பாடம். உறுமத் தெரியாது. அதனால் அனுப்புநரில் தொடங்கிச் சாதாரணக் குரலில் சொன்னேன். அந்த மனுவை அவரிடம் விளங்கும்படி யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். பாதியில், தென்னை மரங்கள் வந்த வரியில், அவர் கையை உயர்த்தினார்.

“தென்னமரம் பதனெட்டுங்க.”

“பதினாறுன்னுதான்…”

“பாட்டுலயும் அப்படித்தான் வந்துச்சு. அன்னைக்கே தெரிஞ்சுதுங்க. ஊடு தேடி வந்து பாடிக் காட்டற புள்ளைககிட்டப் போயித் தப்புச் சொல்றதான்னு உட்டுப்போட்டேன். நட்டவ நானு. பதனெட்டு.”

வீட்டுக்கு வந்து, அட்டை வேலையிலிருந்து என்னிடமே தங்கிவிட்ட ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டுதான். யார் மாற்றியது என்று நீ கேட்க மாட்டாய்; உனக்குத் தெரியும். நூல் அறையில் அந்த வரி யூசுப்பின் தாளத்துக்குள் உட்காரவில்லை. ‘எட்டு’ இழுபடாமல் வெட்டி நின்றதால் ஒரு தட்டு மிஞ்சியது. நீ ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாய், மரம் பதினெட்டுடா, பதினெட்டுன்னுதான் பாடோணும் என்றாய். பதினாறு என்று போடு, ‘ஆறு’ என்று இழுத்தால் சரியாக இருக்கும் என்றவன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது நான் சொன்னேன்: “யாருக்குடா வெளங்கப்போவுது?”

நீ பாடினாய். எனக்காகப் பாடினாய்.

உன்மீது எனக்குள்ள கோபத்தில் ஒரு அணாகூடக் குறையவில்லை. அதை நீ எடுத்துக்கொண்டு போ. உன் அப்பாவின் தண்ணீர் பதினெட்டு மரத்தைச் சாய்த்தது. அதில் இரண்டை நான் மறைத்தேன், தாளத்துக்காக. மற்றவர்களுக்குக் கணக்கில் வராத அந்த இரண்டும் இப்போது என்னோடுதான் வருகின்றன.