ஒச்சம்மாள் ஸ்டோருக்கு வழி

ஆகஸ்ட் 19, திங்கள்

நானே ஜீப் ஓட்டத் தொடங்கி இன்றோடு ஐந்து நாள். டிரைவர் பிச்சைமணி மகனோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். பத்தொன்பது வருஷம் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினேன். போடியைத் தாண்டினால் கண் சொக்கும். ஸ்டோர் வாசலில் அவர் தோளைத் தட்டினால் விழிப்பேன்.

ஏலக்காயைக் காய வைக்கும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். அங்கே ஓடும் டிரையர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். எந்த ஸ்டோரில் எந்த மோட்டார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அந்த ஸ்டோருக்கு எப்படிப் போவது என்று கேட்டால் — அதுதான், தூக்கத்தில் இருந்தேனே.

யாருக்கும் இது தெரியாது. 'மலை மெக்கானிக் யோகராஜ்' என்று கார்டு வேறு அடித்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுதவே கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஒச்சம்மாள் அக்கா போன் செய்தார். ராசிங்காபுரத்துக்காரர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தொண்டிமலையில் இரண்டரை ஏக்கர் ஏலத்தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். "தம்பி, காத்து ஊதுற ஃபேனு நின்னுபோச்சு. மொதப் பறிப்புக் காய் பூராம் உள்ள கெடக்கு. வெரசா வா."

பாதி காய்ந்த நிலையில் காற்று நின்றால் காய் வேர்த்துப் போகும், பச்சை நிறம் வெளுக்கும். நிறம் போன காயை ஏல மையத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். எல்லாம் தெரியும் எனக்கு. வழியைத் தவிர.

போடிமெட்டு ஏறியதும் போனிடம் "ஒச்சம்மா ஸ்டோர்" என்றேன். அவ்வளவு உறுதியாக என்னிடம் யாரும் வழி சொன்னதில்லை. பூப்பாறை வந்தது, போனது. ராஜகுமாரி வந்தது, போனது. பத்தரை மணிக்கு ராஜாக்காட்டில் ஒரு மளிகைக் கடை முன்னால், "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. வாசலில் குடையும் பிளாஸ்டிக் வாளியும் தொங்கின. பலகையில் 'அச்சம்மா ஸ்டோர்ஸ்'.

அப்போதாவது திரும்பியிருக்கலாம். இறங்கிப் போய், "டிரையர் எங்க இருக்கு?" என்று கேட்டேன். மலையாளக் கடைக்காரர் என் வழுக்கையை ஒரு முறை பார்த்தார். "ஹெயர் டிரையர் இவிடெ இல்லா சேட்டா."

திரும்பி வரும்போது யாரிடமாவது விசாரித்திருக்கலாம். மலை மெக்கானிக் வழி கேட்டால் மானம் போய்விடாதா? மூன்று தோட்டத்து கேட்டில் முட்டிக்கொண்டு திரும்பினேன். அக்கா மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா" என்றேன். குருட்டாம்போக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

காய் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அக்கா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டிலேயே போட்டார்.

"எங்க தம்பி போன?"

"வண்டி டயரு..."

"சரி, டீயக் குடி."

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகஸ்ட் 24, சனி

வீட்டில் தேவியிடமும் பஞ்சர் என்றே சொன்னேன். "எந்த டயரு?" என்றாள். கட்டிய மனைவி இப்படியா குறுக்கு விசாரணை செய்வது?

ஆகஸ்ட் 31, சனி

அக்காவின் ஸ்டோருக்கு இப்போது கம்பத்து மெக்கானிக் ஒருவர் வருகிறாராம். லோடு இறக்க வந்த ஜீப்காரர் சொன்னார். எனக்கென்ன என்பதுபோல் பல் குத்திக்கொண்டே கேட்டேன். பல்லில் ஒன்றும் இல்லை.

நேராக ரசூல் கடைக்குப் போனேன். காருக்கு சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் போடுகிற கடை. என்னோடு படித்தவன். "மாப்ளே, ஆல் இன் ஒன் செட்டு ஒண்ணு மாட்டிரு. மேப்பு, பாட்டு, போனு, பின்னாடி பாக்குற கேமரா, எல்லாம் ஒரே திரையில. அதுக்குத் தெரியாத எடமே இல்ல."

"எனக்கு எல்லா எடமும் தெரியும். சும்மா பாட்டுக்குத்தான்."

"நான் ஒண்ணும் கேக்கலையே மாப்ளே."

செப்டம்பர் 1, ஞாயிறு

தேவிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. "சோறு, கொழம்பு, ரசம் எல்லாத்தையும் ஒரே சட்டியில வெச்சா, சட்டி ஓட்டையான அன்னைக்குப் பட்டினிதான். போன் மாட்ட ஒரு ஸ்டாண்டு வாங்குங்க. பாட்டுக்குப் பழைய செட்டு இருக்கு. பின்னாடி பாக்கக் கண்ணாடி இருக்கு. வேற என்ன வேணும்?"

சரியாகத்தான் சொல்கிறாள். அதனாலேயே ஏற்க மனமில்லை.

செப்டம்பர் 4, புதன்

பேச்சுவாக்கில் கேட்பதுபோல் பிச்சைமணிக்குப் போன் போட்டு, ஒச்சம்மாள் ஸ்டோருக்கு எங்கே திரும்புவது என்று கேட்டேன். "ஒரு மேட்டுல வண்டி தூக்கிப் போடும், நீங்க முழிச்சு, 'வந்துருச்சா அண்ணே'ன்னு கேப்பீங்கள்ல? அதுக்கு முந்தின எடது."

இதை எந்த மேப்பில் தேடுவது?

செப்டம்பர் 9, திங்கள்

ஆல் இன் ஒன் மாட்டியாகிவிட்டது. பத்து அங்குலம். ஜீப்பில் அது ஒன்றுதான் புதுசு.

பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் பாட்டு நின்றது, மேப் மறைந்தது, திரை முழுக்க தேவியின் முகம். கல்யாண ஆல்பத்துப் படம். "எங்க இருக்கீங்க?" என்றாள். "அதத்தான் நீ மறைச்சுக்கிட்டு நிக்கிற" என்றேன். வைத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டில் ரசம் மட்டும்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

சட்டி ஓட்டை. மெட்டில் மழை, பனிமூட்டம், செட்டு உறைந்துபோய்விட்டது. மேப் போச்சு, பாட்டு போச்சு, போன் போச்சு, கேமராவும் போச்சு. "இடது புறம் திரும்பவும்" என்பது மட்டும் ஓயவில்லை. இடது புறம் பள்ளத்தாக்கு. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அது சொல்லி முடிக்கட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

போன் ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன். பாட்டுக்கு ஆல் இன் ஒன், வழிக்கு போன், போனுக்குத் தனி சார்ஜர், ரசூல் சும்மா கொடுத்த திசைகாட்டி ஒன்று. தேவி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "சாமி படத்தத்தான் எடுத்துட்டீங்க" என்றாள். பிறகு, "அன்னைக்குப் பஞ்சர் இல்லைல்ல?" என்றாள். நாலு டயரையும் அன்றே பார்த்துவிட்டாளாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அச்சம்மா வரைக்கும். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிக்காமல், "அந்தக்காகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

இல்லை. ஒன்றா, தனித்தனியா என்று மூன்று வாரமாக அலைகிறேன். போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அங்கே போகத்தான் பயம். அந்தக் காய் அவருடைய ஐந்து மாத உழைப்பு. நான் வழி தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே ரோட்டுக்கு வந்து நின்றிருப்பார். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தூக்கிப் போடும் மேட்டைக் கண்டுபிடித்தேன், அதற்கு முந்தைய இடதில் திரும்பினேன், கேட் வரைக்கும் போனேன். உள்ளே டிரையர் ஓடும் சத்தம். என் கையால் கட்டிய மோட்டார் இல்லை, சத்தத்திலேயே தெரிந்தது. கேட்டைத் திறக்கக் கை வரவில்லை.

வந்ததற்கு ஒரு காரியமாவது செய்வோம், எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று, அங்கேயே நின்று அந்த இடத்தை மேப்பில் ஏற்றினேன். பெயர்: ஒச்சம்மாள் ஸ்டோர். என்ன வகை என்று கேட்டது. பட்டியலில் ஸ்டோர் என்று இருந்ததைத் தொட்டேன். திறந்திருக்கும் நேரம் கேட்டது. பறிப்புக் காலத்தில் டிரையர் எங்கே நிற்கிறது? இருபத்துநான்கு மணி நேரமும் என்று போட்டேன்.

ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு இறங்கினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைத்த தேவி, ஜீப்புக்கு வந்ததும், "இதுல எது வழி சொல்றது?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாக யோசித்துவிட்டு, ஸ்டீயரிங்குக்கு வைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அக்கா போன். திரையில் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"தம்பி, ஒனக்கு இந்த மேப்பப் பத்தித் தெரியுமா? மூணு நாளா மூணாறு போற காரு பூராம் என் கேட்டுல நிக்கிது. தண்ணிப் பாட்டில் இருக்கா, சிப்ஸ் இருக்காங்கறாங்க. ஒரு பிள்ளைக்குப் பாத்ரூம் போகணும்ங்கறாங்க. கடை இல்லன்னா, இருவத்திநாலு மணி நேரமும் தெறந்திருக்கும்னு போட்ருக்கேன்னு எங்கிட்டயே காட்டுறாங்க. எந்தக் கூறுகெட்டவன் பாத்த வேல இது?"

"நாந்தான்க்கா."

பிறகு நிறுத்த முடியவில்லை. பிச்சைமணி, தூக்கம், அச்சம்மா ஸ்டோர்ஸ், ஹெயர் டிரையர், இல்லாத பஞ்சர், கேட் வரை வந்துவிட்டுத் திரும்பியது, எல்லாம் கொட்டினேன். "எனக்கு வழி தெரியாதுக்கா. உங்க காய் போனது என்னாலதான். மன்னிச்சிருங்க."

"பத்தொம்பது வருசமாவா தூங்குன?" என்றார். பிறகு, "மொதல்ல அத அழி" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்னும் பரிசீலிக்கிறார்கள். அதற்குள் மேப்பில் இரண்டு பேர் கருத்து எழுதிவிட்டார்கள். ஒருவர்: 'கடையில் ஒன்றுமே இல்லை.' ஒரு நட்சத்திரம். இன்னொருவர்: 'கடையில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த அம்மா ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்தார். பாத்ரூம் சுத்தம்.' ஐந்து நட்சத்திரம்.

என்னைப் பற்றி அங்கே யாரும் எழுதாதது நல்லதாய்ப் போயிற்று.

அக்டோபர் 27, ஞாயிறு

காலை ஆறரைக்கு அக்கா போன்.

"ஃபேனு மறுபடி நின்னுபோச்சு தம்பி. உள்ள காய் கெடக்கு."

"கம்பத்துக்காரரு?"

"அவர நான் கூப்பிடல. வழி தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப வெரசா வா. வர்றப்ப ரெண்டு கட்டு தண்ணிப் பாட்டில், கொஞ்சம் சிப்ஸ் பாக்கெட்டு கொண்டா. கடைன்னு போட்டு விட்டுட்ட. தீவாளிக்கு வேற வண்டி வரும். சரக்கு இல்லாம நான் என்னத்தக் குடுக்க?"

பஸ் ஸ்டாண்ட் பக்கம் திறந்திருந்த கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினேன். பாட்டும் போடவில்லை. "இடது புறம் திரும்பவும்" என்று போன் சொன்னபோது நான் திரும்பி முடித்திருந்தேன்.

எட்டு மணிக்கு கேட் முன்னால் ஹாரன் அடித்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முதலில் பின்சீட்டில் இருந்த தண்ணீர்ப் பாட்டில்களைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"கடை தெறந்துதான் இருக்கு, உள்ள வா" என்றார்.

நான் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.