கழித்தல் குறி போடாத தாள்

"கலரா, கறுப்பு வெள்ளையா, அங்கிள்?" என்று கேட்டாள் பதுளை போட்டோக் கொப்பிக் கடைப் பிள்ளை. உன் கருமாதி நோட்டீசை நீட்டிக்கொண்டு நின்ற நான் மெஷினின் சூட்டு வாசனையை முகர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் இருமினார். "கலர்" என்றேன். இதே கேள்வியை அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், மச்சான், உன் பெயர் கெட்டிருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், கிளாக்கரான எனக்குத் தலையில் கொம்பு முளைத்ததும் ஒரே வாரத்தில். இரண்டு வாரம் வகுப்புக்குப் போய் வந்தவன் நான் ஒருவன்தானே! மேல் டிவிசன் கணக்கப்பிள்ளையான நீ, கொழுந்தை நிறுத்து அன்றாடம் எத்தனை கிலோ என்று எழுதி அனுப்புவாய். வரவேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நான் மாதத் தாளின் கடைசி நிரலில் காட்டுவேன். குறைந்த எண்ணை எப்படிக் காட்டட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. முன்னால் கழித்தல் கோடு போடலாம், அடைப்புக்குள் வைக்கலாம், கோடே இல்லாமல் சிவப்பில் விடலாம். நான் சிவப்பைத் தேர்ந்தேன். திரையில் வெற்றிலை போட்ட வாய் மாதிரி அத்தனை அழகு.

"கோடு எங்கடா?" என்றாய் நீ.

"சிவப்புன்னா குறைன்னு அர்த்தம். ஒனக்கு வெளங்காது, போ."

ஆபீஸ் பிரிண்டருக்குத் தெரிந்ததோ கறுப்பு ஒன்றுதான்.

அந்த மாதம் மழையே இல்லை. உன் டிவிசனில் நாள்தோறும் இருநூறு கிலோ குறை. அச்சடித்த தாளில் அது நாள்தோறும் இருநூறு கிலோ கூடுதலாக நின்றது. புதிதாக வந்திருந்த மானேஜர் துரை கடைசி நிரலை மட்டும் படிக்கிற ஜாதி. தாளைப் பார்த்த மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் உன் முதுகைத் தட்டி, ஆளுக்குப் பதினாறு கிலோ என்றிருந்ததைப் பதினெட்டாக்கினார். பதினெட்டு எட்டாதவளுக்கு அரைப்பேர். பாதி நாள் சம்பளம்தான்.

"தொரைகிட்ட நல்ல பேரு வாங்க எங்க வயித்துல அடிக்கிறீங்களா, கணக்கப்பிள்ளை?" என்றாள் கொழுந்து பறிக்கும் பொன்னம்மா. முந்தின நாள்வரை உன்னைத் தம்பி என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தவள்.

நீ நேரே என்னிடம் வந்தாய். தாளைப் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது. என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த வாரம் வரவேண்டியிருந்தது.

"சொல்லிறாத மச்சான். அடுத்த மாசத் தாள்ல சரி பண்ணிர்றேன்."

நீ தாளை மடித்து என் மேசையில் வைத்தாய். "சரி. கடுதாசி வந்ததும் நீயே போய்ப் பொம்பளைங்ககிட்ட சொல்லிரு."

"சத்தியமா" என்றேன்.

கடிதம் வந்தது. அடுத்த மாதத் தாளில் கோடுகளும் வந்தன. பதினெட்டு சத்தமில்லாமல் பதினாறாயிற்று. நான் மட்டும் மேல் டிவிசனுக்குப் போகவில்லை. முதலில் வேலை அதிகம், பிறகு மழை, அதற்கும் பிறகு வெட்கம். தம்பி என்று ஒருத்தியும் கூப்பிடாத மலையில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, நீ மாற்றம் கேட்டுப் பெரகல பக்கம் போனாய். போகும்போதும் என்னிடம் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அப்புத்தளையில் எந்தக் கடைக்காரர் தலைக்கு மை பூசுகிறார், எந்த மருமகள் மாமியாரோடு பேசுவதில்லை என்று கேட்காமலே ஒப்பிக்கும் என் வாய், இந்த ஒன்றை மட்டும் பூட்டி வைத்திருந்தது.

உன் சாவு வீட்டுக்குப் பொன்னம்மா வந்திருந்தாள். உன் கால்மாட்டில் நெடுநேரம் நின்றுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்ல புள்ளதாங்க. அந்த மாசம் மட்டும் எங்களுக்கு ஏன் அப்பிடிப் பண்ணுச்சுன்னு வெளங்கல. நீங்க கூட்டாளியாச்சே, ஒங்களுக்குத் தெரியுமா?"

உன் மனைவி கேட்கும் தூரத்தில் இருந்தாள். நான் வேலையை விட்டு வந்து எத்தனையோ காலம். என்னிடமிருந்து பறிக்க யாருக்கும் எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"தெரியலீங்களே" என்றேன்.

அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், மச்சான்.