இணையக் கடைக்கு முதல் போணி

மைனி,

இன்று காலை வங்கிக்குப் போகிற வழியில் என்னை அறியாமல் உங்கள் பழைய மக்ரூன் கடை இருந்த தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன். அந்தக் கட்டடம் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட செல்போன் கடை. ஆனால் அடுத்த சந்தில் யாரோ அடுப்பு வைத்திருக்கிறார்கள் போல. அடித்த முட்டை வெள்ளையில் முந்திரியும் சீனியும் சேர்ந்து வேகிற மக்ரூன் வாசனை வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "ஏக்கா, நடுரோட்டுல நின்னு என்ன யோசன?" என்றார். என் அண்ணன் பொண்டாட்டியை யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்?

உங்களிடம் சொல்லலாம். அதற்குத்தான் எழுதுகிறேன்.

கட்டடத்தை இடிக்கப் போவதாகவும், டிசம்பர் முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும் உரிமையாளர் சொல்லிவிட்டுப் போன அன்று, நம் வீட்டில் நடந்த பேச்சு நினைவிருக்கிறது. "போதும். கடைய மூடிட்டு வீட்டுல இரி" என்றார் அண்ணன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவருக்கு, நீங்களும் ஓய்ந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசை. உங்களுக்கோ அந்தக் கடைதான் உயிர். பக்கத்து நாசரேத்திலிருந்து வாழ வந்த ஊரில் உங்கள் பேரைச் சொல்லி நாலு பேர் தேடி வருகிற இடம் அது ஒன்றுதான்.

"மூடுததுக்கா இத்தன வருசம் முட்டய அடிச்சேன்?" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "ஏளா, ஊருக்கெல்லாம் வெப்சைட் பண்ணிக் குடுக்கியே, எனக்கு ஒண்ணு பண்ணு. அடுப்ப வீட்டுக்குப் பின்னால வச்சிக்கிடுதேன்."

அண்ணன் யோசித்துவிட்டு, "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கலாம். ஓடலன்னா அடுப்ப வித்துரணும்" என்றார். நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பயமாக இருந்தது. என் மேல் அத்தனை நம்பிக்கை.

அப்போது நான் கப்பல் ஏஜென்சி ஆபீஸ்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் வந்து எதையும் வாங்குவதில்லை. பார்க்கிறவர் பிரமித்தால் போதும். அதே கையோடு உங்களுக்கும் செய்தேன். திரை முழுக்கக் கடல். நடுவில் ஒரு சிப்பி மெல்லத் திறக்கும், உள்ளே முத்து இருக்கிற இடத்தில் ஒரு மக்ரூன். முத்துநகர் மக்ரூன் அல்லவா? பின்னணிக்கு முத்தின் நிறத்தைத் தேடிப் பிடிக்கவே ரொம்பப் பாடுபட்டேன். நீங்கள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏளா, மக்ரூன் சிப்பிக்குள்ள இருந்தா வருது?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. இப்போதும் சொல்கிறேன், அந்த நிறம் நல்ல நிறம்.

இணையப் பக்கம் தயாராகிவிட்டது, திறந்துவிடலாம் என்றேன். விட்டீர்களா? முதல் போணி யார் பண்ணுவது என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், வேதாகமத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர், போணி விஷயத்தில் மட்டும் யார் சொல்லியும் கேட்க மாட்டீர்கள். எதிர்த்த பலசரக்குக் கடை அண்ணாச்சிக்குத்தான் கைராசி. வருஷப் பிறப்பன்று அவர் வந்து கால் கிலோ வாங்கினால்தான் உங்களுக்கு வருஷமே பிறக்கும். "இணையத்துக்கெல்லாம் கைராசி கிடையாது மைனி" என்று சொன்னேன். "ஆளு வாங்குத எடத்துல எல்லாம் கைராசி உண்டு" என்றுவிட்டீர்கள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், நெற்றியில் புதிதாகப் பூசிய திருநீறோடு வந்தார். நீங்கள் ஜெபம் பண்ணினீர்கள், அவரும் கைகூப்பி நின்றார். நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பக்கத்தை எப்படித் திறப்பது என்று மட்டும் சொன்னோம். நான் அவர் தோளருகே போய் நின்றேன். என் கையைப் பிடித்து இழுத்து எதிரே, உங்கள் அருகே உட்கார வைத்தீர்கள்.

"நீ வாயத் தொறக்கப்படாது. நாளைக்கு மெட்ராஸ்ல ஒருத்தி ஆர்டர் போடுதான்னா அவ பக்கத்துல போய் நிப்பியா?"

அண்ணாச்சி தன் போனைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார். கடல் வந்தது. சிப்பி திறக்க நேரமாயிற்று. "வீட்டுக்காரி சங்கு யாவாரமும் பண்ணுதாளோ?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு அண்ணாச்சி மக்ரூன் படத்தைக் கண்டுபிடித்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் படம் வெறும் படம். அதற்குக் கீழே நான் அழகாக, சின்னதாக எழுதியிருந்த 'மேலும் அறிய' என்பதைத்தான் அழுத்த வேண்டும். அவர் படத்தையே பலமாக அழுத்தினார். எனக்குச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தீர்கள்.

எப்படியோ உள்ளே போனார். கணக்குத் தொடங்கச் சொன்னது. பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். அதில் ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்றது. திரும்பப் போட்டார். எண் வேண்டும் என்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கடைசியில் போனை மடியில் வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தாயி, நான் எப்பவும் போல கடைக்கே வந்து வாங்கிக்கிடுதேனே."

வருஷம் முடிந்தால் கடை இருக்காது என்பது அவருக்கும் தெரியும், பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டால், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

அவர் எழுந்து போயிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அண்ணாச்சியும் வியாபாரி அல்லவா? போணி பண்ண வந்தவன் வெறுங்கையோடு எழுந்து போனால் கடைக்கு ஆகாது என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "போணி ஆகாம எந்திரிக்க மாட்டேன். நீ சரி பண்ணு, நான் இருக்கேன்" என்றார். நீங்கள் டீ போடப் போனீர்கள். நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம் என் தொழிலில் அதற்குப் பிறகு வந்ததில்லை. சிப்பியைத் தூக்கினேன். கடலைத் தூக்கினேன். பாஸ்வேர்டு போயிற்று, பேரும் விலாசமும் போன் நம்பரும் போதும் என்றாயிற்று. ஒவ்வொன்றை எடுத்ததும் அண்ணாச்சி திரும்பத் திறந்து பார்ப்பார், கொஞ்சதூரம் போவார், நிற்பார், நான் அந்த இடத்தைச் சரி பண்ணுவேன். அடுப்படியிலிருந்து உங்கள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "கடைக்கு வாரவ மொதல்ல என்னளா கேப்பாவ? வெல என்னம்பாவ. அத படத்துக்குப் பக்கத்துலயே போடு. எத்தன நாளு கெடாம இருக்கும்னு கேப்பாவ. அதயும் போடு." பிறகு, "முட்ட சேத்திருக்குன்னு மேலயே எழுதிரு" என்றீர்கள். அதை மேலே போட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று சண்டைக்கு வந்தேன். "ஓடுனா ஓடட்டும். வாங்கித் தின்னுட்டு மனசு சங்கடப்படப்படாது" என்றீர்கள்.

கடைசியில் அந்தப் பக்கத்தில் மிஞ்சியது தட்டு நிறைய மக்ரூன் இருக்கிற ஒரு படம், விலை, உங்கள் வாசகங்கள் நாலைந்து, உங்கள் போன் நம்பர். அண்ணாச்சி படத்தை அழுத்தினார், திறந்தது. பெயர் எழுதினார், விலாசம் எழுதினார். ஆர்டர் வந்ததாக உங்கள் போன் மணியடித்தது. ஈரக் கையோடு ஓடி வந்து அந்தப் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

கிறிஸ்மஸ் வந்தது. அடுப்பு விற்கப்படவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்து, பெட்டி கட்ட ஆளில்லாமல் அண்ணனே உட்கார்ந்து டேப் ஒட்டினார். பிறகு வந்த வருஷங்களில் முட்டையைப் பிரித்து அடிக்கவும் கற்றுக்கொண்டார். போன மழைக்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பிறகு உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரத்திலும், ஆர்டர் வருவது நிற்கவில்லை. உங்களிடம் வேலை பார்த்த இரண்டு அக்காமாரோடு சேர்ந்து அண்ணன்தான் நடத்துகிறார். அடுப்பை விற்கலாமா என்று நான் ஒருதரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அவ கேட்டா என்ன சொல்லுவா?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இப்போதும் யாருக்குச் செய்து கொடுத்தாலும், அந்தப் பக்கத்தை முன்பின் பார்க்காத ஒருவரை உட்கார வைத்து, எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். போன வாரம் படகு எஞ்சின் சாமான் விற்கிறவர் ஒருவர், "என்னக்கா, ஒண்ணும் சொல்லாம பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று கேட்டார். கிள்ளுவதற்கு ஆளில்லாமலே சும்மா இருக்கப் பழகிவிட்டேன்.

நேற்று கோயம்புத்தூரில் படிக்கிற என் மகள் மக்ரூன் கேட்டாள். நீங்கள் இருந்தவரைக்கும் நீங்களே கட்டி அனுப்பிவிடுவீர்கள். அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல மனது வரவில்லை, அவர் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். செய்து கொடுத்தவள் நான், ஆனால் வாங்குகிற ஆளாக நேற்றுதான் முதல்முறை உள்ளே போனேன். படம் திறந்தது. விலை பக்கத்திலேயே இருந்தது. எத்தனை நாள் தாங்கும், எப்போது போய்ச் சேரும், முட்டை உண்டா, எல்லாம் கேட்பதற்கு முன்பே எழுதியிருந்தது. எங்கேயாவது ஓர் இடத்தில் தட்டி நிற்க மாட்டோமா என்று இருந்தது மைனி. நின்றால் அந்த நம்பரில் உங்களைக் கூப்பிட்டு, இது எப்படி என்று கேட்கலாமே என்று ஒரு நிமிஷம் புத்தியில்லாமல் நினைத்தேன். எங்கேயும் நிற்கவில்லை. டீ ஆறுவதற்குள் ஆர்டர் முடிந்துவிட்டது.

இதைத்தான் இன்னும் மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உங்களைக் கூப்பிட்டுக் கேட்க ஒன்றுமே மிச்சம் வைக்காத ஒரு பக்கத்தை, நீங்கள் சொல்லச் சொல்ல, நானே என் கையால் செய்து வைத்திருக்கிறேன்.