சிவப்பு வரிகளுக்கு இடமில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே வாக்குவாதம். லொக்கை, இயந்திரங்களின் பதிவை, எங்கே வைப்பது?

மீன் குளிர்க்கிடங்குக்காக நாங்கள் செய்யும் மென்பொருளில், திரையின் கீழ்ப்பகுதியை அதற்கென்று விட்டிருந்தேன். இயந்திரங்களில் நடப்பதெல்லாம் வரிவரியாக அங்கே விழும். பிழை என்றால் சிவப்பில். கிடங்கு மனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

“வெளிநாட்டுல இருந்து வாங்க வாறவங்க செவப்பக் கண்டா பயப்புடுறாங்களாம், மெற்றில்டா,” என்றார் என் முதலாளி ஹபீஸ். “மெனுக்குள்ள போட்டுடுங்க. தேவையெண்டா தொறந்து பாப்பாங்கதானே.”

“தேவையெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 6

‘உதவி’ மெனுவுக்குள், ஆகக் கீழே. போட்டுவிட்டேன்.

மார்ச் 12, புதன்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் கிடங்கு. கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிஃப்ட் பார்ப்பது என் தம்பி பேதுரு. இன்று மென்பொருளை ஏற்றினோம். “நல்ல வடிவா இருக்கக்கா,” என்றான். மெனுக்களையும் அவனுக்குக் காட்ட நினைத்தேன். மனேஜர் அவசரப்படுத்தினார் — மீன் பெட்டிகள் வந்துவிட்டனவாம், பிறகு பார்க்கலாமாம்.

அந்தப் பிறகு எப்போது?

மார்ச் 19

பேதுருவின் சேட்டில் அமோனியா வாடை, குளிரூட்டும் குழாய்களில் ஓடும் வாயு. சாப்பிடும்போதும் செருமிக்கொண்டே இருந்தான். மூன்றாம் அறைப் பக்கம் போய் வந்தானாம்.

“ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தானக்கா கிடக்கு.”

சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டேன். வாடை போகவில்லை.

மார்ச் 20, வியாழன்

காலையில் ஒபிஸிலிருந்தே கிடங்குக் கொம்பியூட்டருக்குள் போய் லொக்கைத் திறந்தேன். ‘மூன்றாம் அறை, வாயு சென்சர்: பதில் இல்லை.’ அதே வரி. இழுக்க இழுக்க அதே வரி. செத்துப்போன சென்சர் கடைசியாகத் தந்த அளவைத்தான் திரை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. வாயு கசிந்தாலும் பச்சைதான்.

மனேஜரை அழைத்தேன். “தெரியும் மிஸ். சென்சர் ஓடர் பண்ணியிருக்கு. ஈஸ்டர் சீசன் முடியட்டும்.”

தெரியுமாம்!

ஹபீஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். லொக்கைத் திரும்பக் கீழே கொண்டுவந்து, பதில் தராத சென்சரைச் சிவப்பாகக் காட்டலாம் என்றார். ஆனால் கிடங்கின் அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது. கேட்டு எழுதியிருக்கிறார்.

பின்னேரம் பேதுருவிடம் சொன்னேன், நாளைக்குப் போகாதே என்று. “மனேஜரிட்டக் கதைக்கிறன் அக்கா. நான் போகாம நிண்டா அங்க பெட்டி அடுக்கிற பழனியம்மா ஆக்களை ஆர் பாக்கிறது?”

மார்ச் 22

பேதுரு மனேஜரிடம் கதைத்தானாம். “பாப்பம்” என்றாராம். பக்கத்தில் வேறு ஒருவரும் இருக்கவில்லையாம்.

மார்ச் 25

ஹபீஸ் எழுதியதற்குக் கிடங்கிலிருந்து பதில் இல்லை.

மார்ச் 27, வியாழன்

ஆஸ்பத்திரி விறாந்தை. மூன்றாம் அறையில் அமோனியாக் குழாய் வெடிச்சிட்டுது. திரை கடைசி மட்டும் பச்சை. சத்தத்தைக் கேட்டுத்தான் பேதுரு ஓடினவனாம். ரெண்டு பெண்டுகளை இழுத்து வெளியில விட்டிருக்கிறான். பழனியம்மாவை உயிரோட எடுக்கேலாமப் போச்சுது.

கண்ணைத் திறக்கிறானில்லை. மாதாவே, என்ர தம்பி. நான் சொன்னனான்தானே — சொன்னாப் போதுமா?

ஏப்ரல் 8

பேதுருவுக்குப் பார்வை திரும்பிவிட்டது, மங்கலாக. குரல்தான் இல்லை, காற்று மட்டும் வருகிறது.

மனேஜர் பொலிஸில் சொல்லியிருக்கிறார்: லொக் மென்பொருளில் இருந்ததாம், திறந்து பார்க்காதது பேதுருவின் கவனக்குறைவாம். சென்சரைப் பற்றி அவன் தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். என்னிடம் போனில் ‘தெரியும்’ என்ற அதே ஆள்.

அந்த வாக்குமூலத்தைப் பேதுருவுக்கு வாசித்துக் காட்டினேன். காற்றுக் குரலில் கேட்டான்: “அது எங்கயக்கா கிடந்தது?”

ஏப்ரல் 10

“பேதுருவுக்கு லொக்கப் பாக்கப் பழக்கிக் குடுத்தமெண்டு எழுதித் தரட்டாம். கிடங்குக்காரங்கட லோயர் கேக்குறாரு,” என்றார் ஹபீஸ்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்லாட்டி நம்மளையும் சேத்துப் போடுவாங்களாம்.”

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடம் கடந்து போனதும் தெரியவில்லை.

மே 15, வியாழன்

புதுக்கடை நீதிமன்றம். நீதவான் லொக்கைக் காட்டச் சொன்னார். மடிக்கணினியைத் திறந்து ‘உதவி’யை அழுத்தினேன். முதலில் எங்கே இருந்தது என்று கேட்டார். திரையின் கீழே விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார்.

“ஏன் மாற்றினீர்கள்?”

நான் வாயைத் திறக்கும் முன் பின்வரிசையில் கதிரை இழுபட்ட சத்தம். ஹபீஸ் எழுந்து நின்றார்.

“நான்தான் எடுக்கச் சொன்ன, சேர். கிடங்கு மனேஜர் கேட்டாரு. இவ வேணாமெண்டுதான் சொன்னா. அந்தப் புள்ளைக்கு ஒருத்தரும் பழக்கிக் குடுக்கவும் இல்ல.”

மனேஜரின் சட்டத்தரணி ஏதோ சொல்லிக் கத்தினார். ஹபீஸ் உட்காரவில்லை.

ஜூன் 30

பேதுருவின் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கு மனேஜர் மேலும் ஹபீஸ் மேலும் நடக்கிறது. எங்கள் வெள்ளவத்தை ஒபிஸுக்குப் பூட்டு. கிடங்கு வேறு மனேஜருடன் திரும்பத் திறந்துவிட்டது.

ஜூலை 7, திங்கள்

பழனியம்மாவின் மகள் இன்று அதே கிடங்கில் வேலைக்குச் சேருகிறாளாம். தாயின் இடத்துக்கே எடுத்திருக்கிறார்கள். தெருமுனைக் கடைக்காரர் நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

வந்து பேதுருவிடம் சொன்னேன். எழுந்து சேட்டை மாட்டினான். பித்தான்களைத் தடவித்தான் போட்டான்.

“எங்க போறாய்?”

“அவ உள்ள போக முதல் சொல்லவேணும்,” என்றான். மிச்சம் காற்றாகத்தான் வந்தது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.