ஆப்பிள் துருவியைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
அன்னினா ரைனர் (வயது 17),
லின்டால் கிராமம், கிளாருஸ் மாநிலம், சுவிட்சர்லாந்து.
தற்சமயம்: 'வெள்ளி நாரை' பயணக் கப்பல், கீழ்த்தளம், அறை எண் 114.

பெறுநர்:
கப்பல் தலைவர் அவர்கள்,
'வெள்ளி நாரை', மேல்தளம்.

பொருள்: உணவுக் கூடத்தில் என்னிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஆப்பிள் துருவியைத் திரும்பப் பெறவும், நாளைக் காலை முதல் பயணம் முடியும்வரை மியூஸ்லி தயாரித்துச் சாப்பிட அனுமதி பெறவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

இதை நேரில் சொல்லத்தான் இன்று மதியம் மேல்தளத்துக்கு வந்தேன். உங்கள் அறைக் கதவு திறந்தே இருந்தது. நீங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். எழுத வரும். ஆகவே எழுதுகிறேன்.

1. நான் பாஸல் துறையில் கப்பல் ஏறிய பயணி. எங்கள் பள்ளத்தாக்கின் பாடகர் குழுவோடு வந்திருக்கிறேன். குழுவில் பாடுகிறவர் என் அப்பா ஃபிரிடோலின் ரைனர். கூரை வேலை செய்பவர். நான் பாடுவதில்லை. இருவர் தங்கும் அறையில் ஓர் இடம் வீணாகப் போகக் கூடாதென்று என்னைக் கூட்டி வந்ததாகக் குழுவினர் நினைக்கிறார்கள். நான் வந்தது அப்பாவின் காலைச் சாப்பாட்டுக்காக.

2. சென்ற ஆண்டு குளிர்காலத்தில் அப்பா ஒரு வீட்டின் கூரைமேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயக் குழாயில் அடைப்பு. ஏணி வைத்து இறக்கினார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுகொண்டேன், தொழிற்பயிற்சிக்கும் சேரவில்லை. மருத்துவர் அப்பாவிடம் பல விஷயங்களைச் சொன்னார். அப்பா அவற்றில் ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டார்: காலையில் சாசேஜ் என்னும் கொழுப்பு மிகுந்த இறைச்சி உருளையும் பாலாடைக்கட்டியும் கிடையாது, ஓட்ஸும் பழமும் சேர்ந்த மியூஸ்லி மட்டுமே. அந்த ஒன்றை அவர் இதுவரை தவறவிட்டதில்லை. அது தவறினால் மற்றவையும் சரியும் என்பது எனக்குத் தெரியும்.

3. நான் செய்யும் மியூஸ்லி எளியது. ஓட்ஸை முதல்நாள் மாலையே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் தயிரும் எலுமிச்சைச் சாறும் கலந்துகொள்ள வேண்டும். பிறகு மேசையில் உட்கார்ந்து, சாப்பிடப் போகும் நேரத்தில், ஒரு முழு ஆப்பிளைத் தோலோடும் விதைப்பகுதியோடும் அதற்குள்ளேயே துருவ வேண்டும். மேலே கொஞ்சம் ஹேசல் கொட்டை. அவ்வளவுதான். ஆப்பிளை முன்கூட்டித் துருவி வைத்தால் பழுப்பாகிவிடும். பழுப்பானதை அப்பா தொடமாட்டார். இந்தக் கப்பலில் ஓட்ஸ், தயிர், ஆப்பிள் எல்லாம் உங்களுடையவை. வெளியிலிருந்து நான் கொண்டுவந்தது துருவி ஒன்றுதான்.

4. முதல் நாள் காலை, கப்பலின் மியூஸ்லியையே சாப்பிடலாம் என்று சொன்னது நான்தான். அதில் பாலேடும் சர்க்கரையும் நிறைய இருந்தன. அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இது காலைச் சாப்பாடா, கல்யாண கேக்கா?" என்று கேட்டார். பிறகு சாசேஜ் வைத்திருந்த பக்கம் தலையைத் திருப்பினார். நான் அறைக்கு ஓடிப்போய்த் துருவியை எடுத்து வந்தேன்.

5. மறுநாள் பக்கத்து மேசைக்காரர்கள் துருவியை இரவல் கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கப்பல் மியூஸ்லி பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் துருவிக்காக வரிசையே நின்றது. மேசை விரிப்பில் ஆப்பிள் சாறு தெறித்ததும், கதை பேசிக்கொண்டே துருவிய ஒருவர் தம் விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டதும் உண்மை. அப்போதுதான் விருந்தினர் மேலாளர் திரு. பிரோயர் அங்கு வந்தார்.

6. அவர் சொன்னது: "பாப்பா, இது சாப்பாட்டுக் கூடம். தச்சுப் பட்டறை இல்லே. கூர்மையான சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாதுன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு, பார்த்தியா இல்லையா?" பார்த்திருந்தேன். அப்பா எனக்காகச் சொன்னார்: "அப்போ உங்க ரொட்டிக் கத்தி என்னய்யா, இறகா?" கூடம் முழுக்கச் சிரித்தது. திரு. பிரோயர் சிரிக்கவில்லை. துருவியை ஒரு கைத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். விதியின்படி அவர் செய்ததில் பிழையில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சமையலறையிலேயே துருவித் தருவதாகவும் அவர் மறுநாள் ஏற்பாடு செய்தார். அதற்கும் நன்றி. ஆனால் விடியற்காலையிலேயே துருவிப் பாத்திரத்தில் போட்டிருந்தார்கள். அப்பா அதைக் கிளறிப் பார்த்து, "மரத்தூளை நான் கூரையில பார்த்தது போதாதா?" என்றார். அன்று வெறும் காப்பியோடு எழுந்துவிட்டார்.

7. இதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் மாநிலத்தில் ஆண்டுக்கொரு முறை மே மாதத்தில் ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் கூடி, கையைத் தூக்கிச் சட்டம் இயற்றுவோம். பதினாறு வயதானால் கை தூக்கலாம். யார் வேண்டுமானாலும் எழுந்து தீர்மானத்தைத் திருத்தச் சொல்லலாம். கைகளை எண்ணுவதில்லை. தலைவர் மேடையில் நின்று கண்ணால் பார்த்து எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்வார், அதுவே முடிவு. நேற்று இரவு கப்பலில் உணவின்போது எங்கள் குழுத் தலைவர் ஹைரி சோப்ஃபி எழுந்து, துருவி விஷயத்தை அதே முறையில் தீர்க்கலாம் என்றார். அவர் எங்கள் ஊர்க் கசாப்புக் கடைக்காரர்.

அவர் வைத்த தீர்மானம் ஒரே வரி: அன்னினாவின் துருவியைத் திருப்பித் தர வேண்டும். அதோடு கை தூக்கியிருந்தால் இந்த மனுவுக்கே அவசியமில்லை. பால்பண்ணை வெரேனா எல்மர் எழுந்தார். "துருவி கொடுத்தா மட்டும் போதுமா? சாசேஜ் கண்ணெதிர்ல ஆவி பறக்க இருந்தா இந்த ஆம்பளைங்க ஆப்பிளைத் தொடுவாங்களா? திரும்பிப் போற பயணத்துல காலையில சாசேஜே வைக்கக் கூடாதுன்னு சேர்த்துக்கோ, ஹைரி."

ஹைரி, "அடியே வெரேனா, ஊர்லதான் எங்கிட்ட பேரம் பேசி உசுர எடுக்கிறே, இங்க வந்து கடையையே சாத்தச் சொல்றியா?" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஆனால் திருத்தம் வந்துவிட்டால் தலைவர் அதை வாக்குக்கு விட்டே ஆக வேண்டும். விட்டார். கைகள் எழுந்தன. ஹைரி நாற்காலிமேல் ஏறி நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே, "திருத்தத்துக்குப் பெரும்பான்மை" என்று அறிவித்தார். தன் பிழைப்புக்கு எதிரான முடிவைத் தானே சொன்ன அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் நான் அந்தத் திருத்தத்துக்குக் கை தூக்கவில்லை. அப்பா தூக்கினார். இரண்டு கையையும் தூக்கப் போனவரை ஹைரிதான், "டேய் ஃபிரிடோலின், ஒரு ஆளுக்கு ஒரு கைதான்டா" என்று அடக்கினார்.

கை தூக்கியவர்கள் எல்லோரும் ஒயின் கேட்பதாக நினைத்துப் பரிமாறுகிறவர்கள் எல்லாக் கோப்பைகளையும் நிரப்பிவிட்டார்கள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

8. ஹைரி தீர்மானத்தைத் திரு. பிரோயரிடம் கொண்டுபோனார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"சபை முடிவு பண்ணிடுச்சுங்க."

"எந்தச் சபை?"

"நாங்கதான்."

"எத்தனை பேர் ஆதரவு?"

"பெரும்பான்மை."

"அதான், எத்தனை பேர்?"

"எண்ணலைங்க. கண்ணால பார்த்தேன்."

திரு. பிரோயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கண்ணால பார்த்தீரா? பெரியவரே, நான் கண்ணால பார்த்தது என்னன்னா, உங்க ஆளுங்க குடிச்ச ஒயின். சாசேஜை எடுத்தா கப்பல்ல இருக்கிற மத்த விருந்தாளிங்க என்னை ஆத்துல தூக்கிப் போட்டுடுவாங்க. இனிமே துருவிங்கற பேச்சே என் காதுல விழக் கூடாது."

கொலோன் நகரத்திலிருந்து வந்திருக்கும் விருந்தினர்கள் சாசேஜ் செய்தியைக் கேட்டுக் கோபப்பட்டதும் நியாயமே. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கை தூக்கவும் இல்லை. அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. என் துருவி அந்தத் தீர்மானத்தோடு சேர்ந்து மூழ்கிவிட்டது. அதை மட்டும் தனியே வெளியே எடுத்துத் தரும்படி கேட்கிறேன்.

9. அவசரம் ஏன் என்று சொல்ல வேண்டும். இன்று காலை துருவி இல்லை. அப்பா நேராகப் போய்த் தட்டில் இரண்டு சாசேஜ் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பார்த்தேன். "என்ன பார்க்கிற? புதுச் சட்டம் அமலுக்கு வர்ற வரைக்கும் பழைய சட்டம்தானே?" என்றார். குழுவில் அனைவரும் ரசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். சாப்பிட்ட பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்காமல் மேலே காற்று வாங்கப் போகலாம் என்றார். படிக்கட்டின் பாதியில் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "அந்தக் கோட்டை எவ்வளவு அழகா இருக்கு பாரு," என்றார்.

ஐயா, அந்தப் படிக்கட்டில் சன்னல் கிடையாது.

கப்பல் மருத்துவரிடம் போகலாம் என்றேன். வரமாட்டேன் என்றார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். நான் இதை எழுதும்போது மேலே பாட்டுப் பயிற்சி கேட்கிறது, அதில் அவர் குரலும் இருக்கிறது. இருந்தும் திரும்பும் பயணம் முழுவதும் காலைதோறும் சாசேஜ் என்றால் அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரிடமிருந்து சாசேஜைப் பிடுங்க முடியாது. மியூஸ்லியை அவர்முன் வைக்க முடியும். வைத்தால் சாப்பிடுவார். இத்தனை நாளில் இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

10. ஆகவே பின்வருவதைக் கேட்டுக்கொள்கிறேன். நாளை ஞாயிறு காலை உணவுக்கு முன் துருவியை என்னிடம் தர ஆணையிட வேண்டும். அதை வேறு யாருக்கும் இரவல் தரமாட்டேன். இல்லை என்று சொல்லப் பழகிக்கொள்கிறேன். மேசையில் துருவுவது விதிக்குப் பொருந்தாது என்றால், துருவி சமையலறையிலேயே இருக்கட்டும். காலை உணவு தொடங்கியதும் கிண்ணத்தோடு சமையலறை வாசலுக்கு நான் வருகிறேன். தலைமுடியைக் கட்டி, சமையல் மேலங்கி அணிந்து, வாசலுக்கு உள்ளே ஓர் அடி நின்று ஓர் ஆப்பிளைத் துருவிக்கொண்டு போய்விடுவேன். சமையல்காரர்களின் வேலைக்கு அதனால் இடைஞ்சல் வராது. இரண்டில் எது உங்களுக்கு வசதியோ அது எனக்குச் சம்மதம். இரண்டும் இல்லை என்ற பதிலுக்கு இந்த மனுவில் நான் இடம் வைக்கவில்லை. அதற்காக மன்னிக்க வேண்டும்.

11. இன்னும் ஒன்று. இதுதான் எனக்கு முக்கியமானது.

அப்பா வீட்டில் மியூஸ்லி சாப்பிடுவது இதயத்துக்காக என்று யாரும் சொல்லக் கூடாது. அவரே சொல்வது வேறு: "எம் பொண்ணுக்கு இது ரொம்பப் பிடிக்கும். தனியா உட்கார்ந்து தின்னா பாவமா இருக்கும்னு நானும் கொஞ்சம் தின்கிறேன்." அண்டை வீட்டாரிடமும் குழுவிடமும் இதையே சொல்கிறார். மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறார். கூரைமேல் நின்று பழகியவர். தம்மை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தக் கையை உதறிவிடுவார். நான் இதுவரை அவரைத் திருத்தியதில்லை. எனக்கும் மியூஸ்லி பிடிக்கும் என்பதால் பொய்யும் இல்லை.

ஆகையால் உங்கள் பதில் எங்கள் மேசைக்கு வரும்போது அதில் அப்பாவின் பெயரோ உடல்நிலையோ இருக்க வேண்டாம். இந்த மனுவின் ஒன்பதாம் பத்தியை நீங்கள் படித்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். 114ஆம் அறைப் பெண் பெரிய பிடிவாதக்காரி, ஆப்பிள் துருவிப் போட்ட மியூஸ்லி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாதாம், தொல்லை தாங்காமல் அனுமதிக்கிறோம் என்று எழுதி, முடிந்தால் எல்லோர் காதிலும் விழும்படி திரு. பிரோயரையே படிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு முகம் சிவந்துவிடும். பரவாயில்லை. அப்பா சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அந்த ஓர் ஆணைக்காகக் காத்திருக்கும் தங்கள் பயணி,

(ஒப்பம்)
அன்னினா ரைனர்

இடம்: கொப்லென்ஸ் படித்துறை, கப்பலில்
நாள்: 14 செப்டம்பர் 2024, சனிக்கிழமை