கோவளத்துக் கரையில் தோண்டிய ஊற்று

காவாந்தண்டலம்
14-3-1983

அன்பு மகள் கனகாவுக்கு அம்மா ஆதிலட்சுமி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நலம், செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டு அதுவும் நலம், அந்தமானில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நலமாக இருக்கவேண்டுமென்று திருப்போரூர் முருகனிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே. எப்போதும் நைனா எழுதி அடியில் நான் ஒரு வரி போடுவேன், இந்த முறை நானே எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. ஏழு மாதம் ஆகிவிட்டது, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வரமுடியாது, மூன்று நாலு நாள் கப்பல் பயணம் கூடாதென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம் என்று நைனா எழுதியிருக்கிறார், அதனால் நீ வரவேண்டாம், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். சமாளித்துக்கொள்கிறேன் என்பதை மூன்று இடத்தில் எழுதியிருந்தாய் கனகா, ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். எனக்குக் கடல் பயம் என்று நான் எப்போது சொன்னேன்? ஐம்பது வயசாகியும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்காததற்கு என்னத்தைப் பயப்படுவது. நைனாவைக் கேட்டால் பொம்பளைகள் எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பயமா இல்லையா என்று போயே பார்த்துவிடுவோம் என்று விடாமல் நச்சரித்ததில், போன வெள்ளிக்கிழமை திருப்போரூரில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே கேளம்பாக்கம் போய் பஸ் மாறிக் கோவளத்தில் இறங்கினோம்.

புளிசாதம் கட்டி எடுத்தேன், கூடவே ஒரு கூஜா தண்ணீரும் எடுத்தேன். உன் நைனா கூஜாவைப் பிடுங்கி வைத்துவிட்டார். "மணல் இருக்கிற எடத்துக்கு எவனாவது தண்ணி தூக்கினு போவானா" என்றார். நம் செய்யாற்றில் கோடையிலும் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று வருகிறதே, அந்தத் தைரியம். கோவளத்தில் சாப்பிட்டு விக்கல் எடுத்ததும் அலை வந்து போகிற இடத்திலேயே குந்திக்கொண்டு இரண்டு கையாலும் தோண்டினார், தண்ணீரும் வந்தது, தெளிய விட்டு நம் ஆற்றில் செய்கிற மாதிரியே ஒரு கை அள்ளிக் குடித்தார். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும். வலை உலர்த்திக்கொண்டிருந்த மார்த்தாள் என்ற மீன்காரம்மா சிரித்துக்கொண்டே எங்களை மேட்டுப் பக்கம் தாழம்புதருக்குப் பின்னால் கூட்டிப்போய் அவர்கள் தோண்டி வைத்திருக்கிற குழியில் மொண்டு கொடுத்தாள், இளநீர் தோற்றது. கடலுக்கு இத்தனை கிட்டத்தில் இப்படியொரு தண்ணீர் இருக்குமென்று நான் நினைக்கவே இல்லை.

அந்த ஊரில் யாருக்கும் எந்த அவசரமும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நாம் ஒதுங்குகிற வெயிலை வேண்டி வாங்கிக்கொண்டு மணலில் படுத்துக் கிடந்தார்கள். அதில் உன் வயசுப் பெண் ஒருத்தி, ஆள் நீளப் பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய் அலை வரும்போது அதன் மேல் ஏறி நிற்கப் பார்த்தாள். விழுந்தாள், மறுபடி போனாள், மறுபடி விழுந்தாள். விழுந்ததற்கு வெட்கப்படவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்த பிறகு ஒரு அலையில் நின்று கரை வரைக்கும் வந்தாள், நான் என்னை மறந்து கை தட்டினேன். பிறகு நானும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றேன். காலுக்குக் கீழே மண் நழுவினது, சிரிப்பாக வந்தது, பயம் வரவில்லை.

நைனாதான் ஏரியில் நிற்கிற மாதிரி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எனக்கு நீச்சலைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அலை வந்து அவரைச் சுருட்டிப் போட்டது. நானும் மார்த்தாளும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம், துண்டு போயே போய்விட்டது. கரையில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்தார். அப்புறம் சொன்னார், "நீ போவாத ஆதி. கொழந்தைய அந்தமானுக்கு அனுப்பிட்டு ரெண்டு வருசமா எனுக்கு சரியா தூக்கம் இல்ல. நீயும் தண்ணி மேல போயிட்டா எனுக்கு யாரு கீறாங்க."

முப்பது வருஷத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இருந்தாலும், நான் போகாவிட்டால் அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மார்த்தாள்தான் சொன்னாள், "அலை கரையிலதாண்ணே அடிக்கும். அதத் தாண்டிட்டா தொட்டிலு கணக்கா ஆட்டும், அவ்ளோதான்."

ஆகவே நான் வருகிறேன். ஏப்ரல் நாலாம் தேதி கப்பல், மாப்பிள்ளை ஆபீசில் வேலை பார்க்கிற சாமுவேலும் அவர் சம்சாரமும் அதே கப்பலில் திரும்புகிறார்கள், துணைக்குக் குறைவில்லை. நவரை நெல் பால் பிடித்திருக்கிறது, அறுப்பை நைனா பார்த்துக்கொள்வார், உன் பெரியம்மா கோவிந்தம்மாள் வந்திருந்து அவருக்குச் சோறாக்கிப் போடுவாள். வளையலும் பிரசவ மருந்தும் பிள்ளையைச் சுற்றப் பழைய நூல் புடவைகளும் மூட்டை கட்டியாகிவிட்டது. நீ தண்ணீர்க் குடம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, ஒருக்களித்துப் படு. மாப்பிள்ளையைத் துறைமுகத்துக்கு வரச்சொல், நீ வெயிலில் வந்து நிற்கவேண்டாம், வீட்டில் எனக்கு ஒரு பாயை விரித்துவை போதும்.

தாயும் சேயும் ஆளுக்கொரு நூறு வருஷம் நன்றாயிருக்கவேண்டும்.

உன் அம்மா
ஆதிலட்சுமி

இந்தத் தடவை அடியில் ஒரு வரி நைனா எழுதுகிறார்:

கனகா, கடல் பயம் அம்மாவுக்கு இல்லை, எனக்குத்தான், மாற்றி எழுதிவிட்டேன். அம்மாவை அனுப்புகிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்பு. சடையப்பன்.