ஆத்தூர் பஸ்ஸுக்குப் பதிந்த கேசட்

12.8.1986, செவ்வாய்

ஆத்தூர் போகும் தனியார் பஸ்ஸுக்கு வாராவாரம் புதுப்படப் பாட்டாகப் பார்த்துக் கேசட் பதிந்து கொடுக்கிறேன். எது முன்னால், எது பின்னால் என்பது என் இஷ்டம். போன வாரம் கடைசியில் ஒரு பழைய பாட்டைச் சேர்த்துவிட்டேன். யாரும் போடச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்று மதியம் கண்டக்டர் பாண்டி அந்தக் கேசட்டோடு என் ரெக்கார்டிங் கடைக்கு வந்தான்.

"அண்ணே, அந்தப் பழைய பாட்ட எடுத்துட்டு வேற புதுசு போடுங்க. அது வந்தாலே நம்ம டிரைவர் வண்டிய உருட்டுறாரு. பின்னால வர்ற பஸ்ஸுக்காரன் முந்திப் போயி சனத்தையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுறான். மொதலாளி சத்தம் போடுறாரு."

டிரைவர் செல்லையா வாசலிலேயே நின்றார். வேகத்துக்காக ஊரெல்லாம் திட்டு வாங்குகிற மனிதர்.

"பாட்டு முடியிறதுக்குள்ள ஊரு வந்துருமோன்னு இருக்கு அப்பு" என்றார். எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை.

நான் போட்ட ஒரு பாட்டு அவர் வேகத்தைக் குறைத்திருக்கிறது. அதற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த முதலாளியின் வாடிக்கை போனால் கடை தாங்காது.

சாயங்காலம் அந்தப் பாட்டின் மேலேயே ஒரு டிஸ்கோ பாட்டைப் பதிந்தேன். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் ஓடவிட்டுக் கேட்டேன். வரிசை கச்சிதமாக வந்திருக்கிறது. பாண்டிக்குப் பிடிக்கும். எந்த இடத்திலும் யாருக்கும் மெதுவாகப் போகத் தோன்றாது.